எழுதுகிறவர்களிடம் கேட்பது எப்படி? முதல் நேர்காணலுக்குக் கிளம்புபவர்களுக்கு

பத்துக் கேள்வி, ஒரு செல்பேசி, ஒரு மணி நேரம். எதிரில் இருப்பவர் பேசுவார், நாம் எழுதிப் போட்டுவிடலாம். நேர்காணல் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் இதில் இறங்குகிறார்கள். மற்ற துறைக்காரர்களிடம் போகும்போது இது ஓரளவு நடக்கவும் செய்யும். எழுத்தாளர், பத்திரிகையாளர், விமர்சகர் என்று வந்துவிட்டால் கதை வேறு. இவர்கள் மூவருக்கும் சொல்தான் பிழைப்பு. உங்கள் கேள்வி எங்கே போகிறது என்பது நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் பெயர் பெற்றவராக இருந்தால், ‘எப்படி எழுத வந்தீர்கள்?’ என்பதற்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில் ஒன்று தயாராக இருக்கும். அதையே உங்களிடமும் சொல்வார். நீங்களும் சந்தோஷமாகப் பதிவு செய்துகொண்டு வருவீர்கள். வாசகரோ அதை ஏற்கனவே நாலு இடத்தில் படித்திருப்பார்.

அந்தத் தயார் பதிலைத் தாண்டிப் போக எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் உண்டு. அவருடைய எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டி, இது எப்படி நடந்தது என்று கேட்பது. கொள்கை, தத்துவம், இலக்கியத்தின் எதிர்காலம் எல்லாம் அப்புறம் தானாக வரும். வராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடுகள்.

யாரிடம் போவது

முதல் முயற்சிக்கே மிகப் பிரபலமான ஒருவரைத் தேடாதீர்கள். அவருக்கு நேரம் இருக்காது. கொடுத்தாலும் புதுப் புத்தகம் வெளிவரும் சமயத்தில் அரை மணி கொடுப்பார், அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவார். அதைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய தேவை. உங்களுக்கு வேண்டியவர், நிறைய வேலை செய்திருந்தும் அதிகம் பேட்டி காணப்படாத ஒருவர். பல வருடம் செய்தி அறையில் மற்றவர்களின் செய்திகளைச் சீர்செய்த துணையாசிரியர், அடுத்தவர் நாவல்களைச் செப்பனிட்டுக் கொடுத்த பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், விடாமல் மதிப்புரை எழுதியவர் போன்றவர்களிடம் யாரும் தொழிலைப் பற்றி உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் கொட்டுவார்கள்.

ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். அவர் எழுதியதில் பாதியையாவது நீங்கள் படித்திருக்க வேண்டும், அல்லது சந்திப்பதற்குள் படித்துவிட அவகாசம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கூடவே, எதைப் பற்றிய உரையாடல் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். முழு வாழ்க்கையா, ஒரே ஒரு புத்தகமா, ஒரு குறிப்பிட்ட காலமா? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று போனால் எதிலும் நாலு வரிக்கு மேல் தேறாது.

படிப்புதான் பாதி வேலை

அவருடைய முதல் புத்தகம், கடைசிப் புத்தகம், அப்புறம் யாரும் கண்டுகொள்ளாமல் போன புத்தகம், இந்த மூன்றையும் கட்டாயம் படியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். புகழ் பெற்ற நூலைப் பற்றி அவர் பேசிப் பேசி அலுத்திருப்பார். கவனிக்கப்படாமல் போன ஒன்றைப் படித்துவிட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் உட்காரும் விதமே மாறிவிடும்.

அடுத்து, அவர் ஏற்கனவே கொடுத்த பேட்டிகளைத் தேடிப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் பதில்களைத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இருப்பவற்றை நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால், ‘இதை முன்பே சொல்லியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எங்கும் சொல்லவில்லையே’ என்று, பழைய பதில் முடிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

பிறகு ஒரு காலவரிசை போடுங்கள். எந்த வருடம் எந்தப் புத்தகம், எந்தப் பத்திரிகையில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், பரிசு எப்போது வந்தது. பார்க்க அலுப்பான வேலைதான். ஆனால் முடித்துவிட்டுப் பார்த்தால் இடைவெளிகள் கண்ணில் படும். இரண்டு வருடத்துக்கு ஒரு நூல் எழுதியவர் ஏழு வருடம் எதுவுமே வெளியிடவில்லை. அரசியல் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று விளையாட்டுப் பக்கத்துக்கு மாறியிருக்கிறார். நல்ல கேள்விகள் அந்த இடைவெளிகளில்தான் இருக்கின்றன. ஆனால் எச்சரிக்கையாகத் தொடுங்கள். ஏழு வருட மௌனத்துக்குப் பின்னால் நோயோ மரணமோ இருக்கலாம். ‘ஏன் எழுதவில்லை?’ என்பது குற்றச்சாட்டு மாதிரி விழும். ‘அந்த வருடங்கள் எப்படிப் போயின?’ என்றால் அவர் விரும்பிய அளவு திறக்கலாம், விரும்பாவிட்டால் இரண்டு வாக்கியத்தில் கடந்துவிடலாம்.

ஒரே நூலின் முதல் பதிப்பும் திருத்திய பதிப்பும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு அத்தியாயம் காணாமல் போயிருக்கும், ஒரு முன்னுரை நீங்கியிருக்கும். வேறு யாரும் கேட்காத கேள்வி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பத்திரிகையாளர் என்றால் அவருடைய செய்திகளை வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டும். ஒரு பெரிய விவகாரத்தை அவர் முதல் நாள் எப்படி எழுதினார், பத்தாவது நாள் எப்படி எழுதினார், இடையில் என்ன மாறியது, திருத்தம் ஏதாவது வெளியிட்டார்களா? விமர்சகர் என்றால், ஒரே எழுத்தாளரைப் பற்றி அவர் வெவ்வேறு காலங்களில் என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். தீர்ப்பு மாறியிருந்தால் அது ஒரு மணி நேரத்துக்கான விஷயம்.

நீண்ட நேர்காணல் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ளவும் சிலவற்றைப் படியுங்கள். தமிழில், 1991 முதல் 1995 வரை கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த சுபமங்களா இதழின் நேர்காணல்கள் நல்ல தொடக்கம். ஆங்கிலத்தில் தி பாரிஸ் ரிவ்யூ என்ற இலக்கிய இதழ் 1953இல் தன் முதல் இதழிலேயே நாவலாசிரியர் ஈ.எம்.ஃபார்ஸ்டரின் நேர்காணலைப் போட்டது. அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. என்ன கேட்டார்கள் என்பதைவிட எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வந்தது என்று கவனித்துப் படித்தால் அதிகம் கற்கலாம்.

எழுதிக் கேட்பது

தொலைபேசியில் திடீரென்று அழைத்துக் கேட்பதைவிட எழுதிக் கேட்பது நல்லது. யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கும், மறுப்பதும் சுலபம். கடிதம் சின்னதாக இருக்கட்டும். இப்படி:

‘வணக்கம். உங்களுடைய இரண்டாவது சிறுகதைத் தொகுப்பையும் அதற்குப் பிந்தைய கட்டுரைகளையும் சமீபத்தில் படித்தேன். தொகுப்பில் உள்ள கதைசொல்லியின் குரல் கட்டுரைகளில் முழுவதும் மாறியிருப்பது பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். சுமார் ஒன்றரை மணி நேரம் தேவைப்படும். நேரிலோ காணொளியிலோ உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். உங்கள் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கி இன்ன இதழுக்குத் தர எண்ணியிருக்கிறேன். அடுத்த மாதம் உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும்.’

‘நான் உங்கள் தீவிர ரசிகன்’ என்று எழுதாதீர்கள். எதைப் படித்தீர்கள் என்று சொன்னாலே போதும், மீதியை அவர் புரிந்துகொள்வார். எந்த இதழில் வரும் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை

சண்டை வருவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். நான்கு விஷயங்களைச் சந்திப்புக்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதமா? அச்சுக்கு முன் பிரதியைக் காட்டுவீர்களா, காட்டினால் அவர் எதை மாற்றலாம்? படம் எடுக்கலாமா? ‘இது வெளியில் போக வேண்டாம்’ என்று நடுவில் அவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

கடைசியில் இருப்பது பத்திரிகையாளர்களிடம் ரொம்பவே முக்கியம். அவர்கள் வாழ்நாள் முழுக்க இந்த விதியை மற்றவர்களிடம் பயன்படுத்தியவர்கள். ‘ஆஃப் த ரெக்கார்ட்’ என்றால் சிலருக்கு எழுதவே கூடாது. சிலருக்கு, பெயரைச் சொல்லாமல் எழுதலாம். வேறு சிலருக்கு, தகவலை இன்னொருவரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு எழுதலாம். எந்தப் பொருளில் சொல்கிறார் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். சொல்லுமுன் ‘வேண்டாம்’ என்றால் அது ஒப்பந்தம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு ‘இதைப் போடாதீர்கள்’ என்பது ஒரு கோரிக்கை. பொதுவான நடைமுறை இதுதான். ஆனாலும் மூன்றாவது ஆள் ஒருவருடைய அந்தரங்கம் அதில் மாட்டியிருந்தால் விட்டுக்கொடுத்துவிடுவதே சரி என்பது என் கட்சி.

பிரதியைக் காட்டுவது பற்றி இரண்டு மரபுகள் இருக்கின்றன. செய்திப் பத்திரிகைகளில் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். பேசியவர் பின்வாங்க அது வழிசெய்துவிடும் என்பது அவர்கள் வாதம். இலக்கிய நேர்காணல்களில் காட்டுவது வழக்கம். தி பாரிஸ் ரிவ்யூ தொடக்கத்திலிருந்தே எழுத்தாளர்களைப் பிரதியைத் திருத்த அனுமதித்தது, அந்த நேர்காணல்களின் செறிவுக்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் எடுப்பது தொழிலையும் படைப்பையும் பற்றிய உரையாடல் என்றால் காட்டுங்கள். ஆனால் ‘தகவல் பிழைகளைத் திருத்தலாம், சொன்னதைத் தெளிவாக்கலாம், சொல்லாததைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் என்னிடம் பேசுங்கள்’ என்று எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிலர் பேசவே மறுத்து எழுத்தில்தான் பதில் தருவேன் என்பார்கள். நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ் அப்படிப்பட்டவர். கேள்விகள் எழுத்தில் வர வேண்டும், பதிலும் எழுத்தில்தான், அதை ஒரு சொல் மாற்றாமல் போட வேண்டும். 1975இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பெர்னார் பிவோவின் நிகழ்ச்சிக்கு வந்தபோதுகூட, முன்பே அனுப்பப்பட்ட கேள்விகளுக்கு அட்டைகளில் எழுதிவைத்திருந்த பதில்களை வாசித்தார். (கூடவே தேநீர்க் கெண்டியில் விஸ்கி.) இது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் எழுத்தில்தான் தன்னால் சரியாகச் சிந்திக்க முடியும் என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள்.

கேள்விகளை எப்படி அமைப்பது

முப்பது கேள்வி எழுதுங்கள், பன்னிரண்டாகக் குறையுங்கள், அந்தப் பன்னிரண்டையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு தாளை மடித்து வைத்துவிடுங்கள். தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டால் அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கண் அடுத்த கேள்விக்குப் போய்விடும். அவர் அதைக் கவனிப்பார். அத்தோடு பதிலும் சுருங்கிவிடும்.

பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். ‘உங்கள் படைப்புகளில் பெண்களின் இடம் என்ன?’ என்றால் ஒரு மேடைப் பேச்சு கிடைக்கும். ‘இந்த நாவலில் அம்மா பாத்திரம் 140ஆம் பக்கத்துக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முதலிலேயே அப்படித் திட்டமிட்டீர்களா, எழுதும்போது நடந்ததா?’ என்று கேட்டால் அவர் நிஜமாகவே யோசிக்க வேண்டியிருக்கும். சில சமயம் ‘அப்படியா, நான் கவனிக்கவே இல்லையே’ என்பார். அதுவும் அருமையான பதில்தான், போடுங்கள்.

‘எப்படி’, ‘எப்போது’, ‘எங்கே உட்கார்ந்து’, ‘யாரிடம் முதலில் காட்டினீர்கள்’, ‘எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள்’ மாதிரி கேள்விகள் சின்னதாகத் தெரியும், ஆனால் நிறைய வேலை செய்யும். ‘ஏன்’ என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ‘ஏன்’ என்றதும் மனிதர்கள் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது இரண்டாவது கேள்வி, அதாவது அவர் சொன்ன பதிலிலிருந்தே கிளம்பும் அடுத்த கேள்வி. தி பாரிஸ் ரிவ்யூவின் ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் எடுத்து 1958இல் அந்த இதழில் வெளிவந்த, அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயின் நேர்காணலில் ஒரு இடம் இருக்கிறது. எவ்வளவு திருத்தி எழுதுவீர்கள் என்று கேட்கிறார். ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தியதாகப் பதில் வருகிறது. கைப்பழக்கம் இல்லாத ஒருவர் அந்த எண்ணைக் கேட்டு வியந்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருப்பார். பிளிம்ப்டன் அங்கேயே நின்று, அதில் ஏதாவது தொழில்நுட்பச் சிக்கல் இருந்ததா, எது உங்களைத் தடுத்தது என்று கேட்கிறார். சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்று ஒரே வரியில் பதில். அறுபது வருடத்துக்கு மேலாக எழுதுகிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வரி இரண்டாவது கேள்விக்குக் கிடைத்தது.

எனவே உங்கள் பன்னிரண்டில் ஐந்து கேட்கப்படாமலே போனால் கவலைப்படாதீர்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’, ‘ஒரு உதாரணம் சொல்லுங்களேன்’, ‘அன்றைக்கு அவர் என்ன சொன்னார்?’ இந்த மூன்றும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. இவற்றால்தான் நேர்காணல் நடக்கும்.

ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். புனைவு எழுதுகிறவர்கள் நல்ல கதைசொல்லிகள் என்பதால் தங்கள் வாழ்க்கையையும் கதையாக்கிவிடுவார்கள். அவர்களைச் செய்முறைக்கு இழுங்கள். முதல் வரைவு, கைவிட்ட அத்தியாயம், பதிப்பாளருடன் நடந்த வாக்குவாதம், இன்னொரு வேலை பார்த்துக்கொண்டே எழுத நேரம் கண்டுபிடித்த விதம். பணத்தைப் பற்றியும் கேளுங்கள். எழுத்தால் எப்போது வருமானம் வந்தது, எது வீட்டை நடத்தியது என்ற கேள்வியைப் பலர் நாகரிகம் கருதி விட்டுவிடுகிறார்கள். புதிதாக எழுத வருபவர்கள் தெரிந்துகொள்ள ஏங்குவது அதைத்தான்.

பத்திரிகையாளர்கள் உங்கள் உத்திகளையெல்லாம் உங்களுக்கு முன்பே பயன்படுத்தியவர்கள். சுற்றி வளைக்காதீர்கள், நேராகக் கேளுங்கள். ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, தகவல் முதலில் எங்கிருந்து கிடைத்தது, எப்படி உறுதிப்படுத்தினார், ஆசிரியர் எதை வெட்டினார், வெளிவந்த மறுநாள் யார் அழைத்தார் என்று ஒவ்வொரு கட்டமாக நடத்திச் செல்லுங்கள். தகவல் தந்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. எழுதத் தயாராக இருந்தும் வெளிவராத செய்தி ஒன்று எல்லோரிடமும் இருக்கும், அதைப் பற்றிக் கேட்கலாம்.

விமர்சகர்களிடம்தான் கொஞ்சம் கஷ்டம். கோட்பாட்டுக்குள் போய்விட்டால் திரும்பி வரமாட்டார்கள். அவர் கடுமையாக எழுதிய ஒரு மதிப்புரையை எடுத்துப் போங்கள். எத்தனை முறை அந்த நூலைப் படித்தார், எந்தப் பக்கத்தில் முடிவுக்கு வந்தார், நண்பரின் புத்தகமாக இருந்தால் என்ன செய்வார், அந்த எழுத்தாளரை அதற்குப் பிறகு எங்காவது நேரில் சந்தித்தாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்கியதும் காத்திருங்கள்.

கருவிகள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். செல்பேசி ஒன்று என்றால் அதை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். முதல் நிமிடத்தில் நாள், இடம், இருவர் பெயர் ஆகியவற்றையும், பதிவு செய்யச் சம்மதம் என்று அவர் சொல்வதையும் பதிந்துகொள்ளுங்கள். அதை ஒரு முறை ஓட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். காபிக்கடைகள் உரையாடலுக்கு இதமானவை, ஒலிப்பதிவுக்குப் பகை. கையில் குறிப்பேடும் வேண்டும். அவர் சொல்லும் பெயர்கள், கை காட்டிய பொருள்கள், முகம் மாறிய இடங்கள் எல்லாம் ஒலியில் வராது.

எதிரே உட்கார்ந்த பிறகு

சுலபமான, திட்டவட்டமான ஒரு கேள்வியில் தொடங்குங்கள். இப்போது மேசைமேல் என்ன வேலை இருக்கிறது என்று கேட்கலாம். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று மட்டும் தொடங்காதீர்கள், படிக்காமல் வந்தவர் என்று அர்த்தமாகிவிடும்.

சங்கடமான கேள்வியைப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். பதில் நீளும்போது நேரம் முடிந்திருக்கும். கேட்கும்போது மற்றவர் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் கேளுங்கள். ‘சிலர் உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள்’ என்றால் யார் அந்தச் சிலர் என்ற விசாரணையில் பத்து நிமிடம் போய்விடும். ‘இந்தக் கட்டுரையில் நீங்கள் சொல்வதும் அந்த முன்னுரையில் சொல்வதும் எனக்கு முரணாகப் படுகிறது’ என்று இரண்டையும் எடுத்து முன்னால் வையுங்கள்.

மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் காரோ, பேட்டியின் நடுவே தன் குறிப்பேட்டில் ‘வாயை மூடு’ என்பதன் சுருக்கமாக இரண்டெழுத்தை எழுதிக்கொள்வாராம். பழைய குறிப்பேடுகள் முழுக்க அந்த இரண்டெழுத்துகள் நிறைந்திருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிரில் இருப்பவர் நிறுத்தியதும் அந்த இடைவெளியை நிரப்பிவிட வேண்டும் என்று நமக்குத் துடிக்கும். நாலு விநாடி பொறுத்தால் அவரே நிரப்புவார். பெரும்பாலும் அப்போது வருவது முதலில் சொன்னதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

உங்கள் கருத்துகளைச் சொல்லாதீர்கள் என்று சில பாடப்புத்தகங்கள் சொல்லும். முழுதாக ஏற்க முடியவில்லை. இவர்கள் வாசிப்பவர்கள், சமமாகப் பேசத் தெரிந்தவரிடம்தான் சூடு பிடிப்பார்கள். ‘எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, இதனால்தான்’ என்று ஒரு முறை சொல்லலாம். இரண்டாவது முறையும் சொன்னால் அது உங்கள் நேர்காணலாகிவிடும்.

பெயர்கள் வந்தால் முழுப்பெயரை உடனே உறுதி செய்யுங்கள். ‘அவர்’, ‘இவர்’ என்று போய்க்கொண்டே இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு யார் யாரைத் திட்டினார் என்று தெரியாது. கருவியை அணைத்ததும் எழுந்துவிடாதீர்கள். நல்ல விஷயங்கள் பல வாசலில் நிற்கும்போதுதான் வரும். வந்தால், ‘இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டுவிட்டு, தெருமுனை தாண்டியதும் குறித்துக்கொள்ளுங்கள்.

காணொளியில் என்றால் கேள்விகளைக் குட்டையாக்குங்கள், ஒலி தாமதத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவது நடக்கும். மின்னஞ்சல் என்றால் பன்னிரண்டையும் ஒரே தடவையில் அனுப்பாமல் நாலு நாலாக அனுப்புங்கள், அப்போதுதான் இரண்டாவது கேள்விக்கு இடம் கிடைக்கும். மேடையில் என்றால் அவையில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எழுத்தாக்குவது

கையால் தட்டினால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தானாக எழுதித் தரும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் இருக்கின்றன, முதல் வரைவுக்கு உதவும். ஆனால் ஊர்ப்பெயர், நூல்பெயர், நடுவே வரும் ஆங்கிலச் சொல், இருவர் ஒன்றாகப் பேசிய இடம் எல்லாவற்றிலும் தடுக்கி விழும். ஒலியைக் கேட்டு வரிக்கு வரி சரிபார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

தமிழில் இதற்குமேல் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அவர் பேசியது பேச்சுத் தமிழ். அச்சில் அப்படியே போட்டால் மூன்று பக்கத்துக்குமேல் படிக்க முடியாது. முழு எழுத்துத் தமிழாக்கினால், உயிரோடு பேசிய மனிதர் அரசாணை மாதிரி ஆகிவிடுவார். என் வழி இது: வினைமுற்றுகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றுவேன், வாக்கியத்தின் போக்கையும் அவருடைய வழக்கமான சொற்களையும் தொட மாட்டேன். ‘பாருங்க’ என்று அடிக்கடி சொல்கிறவருக்கு இரண்டு ‘பாருங்கள்’ கொடுக்கலாம், இருபது வேண்டாம். அவர் பயன்படுத்தாத ‘ஆயினும்’, ‘எனினும்’ போன்றவற்றை அவர் வாயில் திணிக்கக் கூடாது. யாரோ ஒருவர் சொன்னதாக அவர் நடித்துக் காட்டிய வாக்கியங்களைப் பேச்சுமொழியிலேயே விட்டுவிடுவேன்.

வெட்டலாம், ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லியிருந்தால் சேர்க்கலாம், வரிசை மாற்றலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குக் கீழே வைக்கக் கூடாது. கேள்வியைப் பிறகு அழகாக்கி, அவர் பதிலை அசட்டுத்தனமாகக் காட்டவும் கூடாது.

இந்த எல்லை எவ்வளவு தீவிரமானது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேனட் மால்கம் 1983இல் தி நியூ யார்க்கரில் எழுதிய ஒரு நீண்ட கட்டுரைக்காக, உளப்பகுப்பாய்வாளர் ஜெஃப்ரி மேசனை நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார். தான் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டார் என்று மேசன் வழக்குப் போட்டார். சர்ச்சைக்குள்ளான மேற்கோள்கள் நாடாவில் இல்லை. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேசியவரின் சொற்களை மாற்றியதாலேயே அது தெரிந்து சொன்ன பொய் ஆகிவிடாது, மாற்றம் பொருளைக் கணிசமாகத் திரிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. 1994இல் ஜூரி மால்கமுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அதற்கு அடுத்த வருடம், காணாமல்போன குறிப்பேடு தன் வீட்டிலேயே கிடைத்ததாகவும் சர்ச்சைக்குரிய சில வரிகள் அதில் இருப்பதாகவும் மால்கம் அறிவித்தார். பத்து வருடத்துக்கு மேல் இழுத்த விவகாரம். குறிப்பேடுகளைத் தேதி போட்டு ஒரே இடத்தில் வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரிபார்ப்பதும் காட்டுவதும்

மனிதர்களுக்குக் காட்சி நினைவிருக்கும், வருடம் நினைவிருக்காது. முதல் கதை வந்த இதழையும் மாதத்தையும் அவர் உறுதியாகச் சொன்னாலும் போய்ப் பாருங்கள். மேலே சொன்ன ஹெமிங்வேயின் 39ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுச்சென்ற தாள்களிலிருந்து அந்த நாவலுக்கு 47 மாற்று முடிவுகளைத் திரட்டி 2012இல் ஒரு பதிப்பு வந்தது. அவர் பொய் சொன்னார் என்று ஆகாது. நினைவு ஒரு கணக்கு வைத்திருந்தது, தாள் வேறொரு கணக்கு வைத்திருந்தது. இப்படி ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள், அவரிடமே கேளுங்கள். அந்தப் பதில் சில சமயம் மொத்த நேர்காணலிலும் சிறந்த பகுதியாக இருக்கும்.

மூன்றாவது ஆளைப் பற்றிய குற்றச்சாட்டு இருந்தால், ‘அவர் சொன்னார், நான் எழுதினேன்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. அவதூறு வழக்கில் வெளியிட்டவரும் மாட்டுவார். ஆதாரம் கேளுங்கள், சம்பந்தப்பட்டவரின் பதிலையும் வாங்குங்கள், இரண்டும் முடியாவிட்டால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

பிரதியை அனுப்பும்போது திருப்பித் தர ஒரு தேதி சொல்லி அனுப்புங்கள். எழுதுகிறவர்கள் கையில் பேனா கிடைத்தால் சும்மா இருக்க மாட்டார்கள். உயிருள்ள பதில்களையெல்லாம் அடித்துவிட்டுக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படி வந்தால், எந்தெந்த இடத்தில் பழைய வடிவமே நன்றாக இருந்தது என்று இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்றால் எதுவும் கிடைக்காது.

முன்னுரை இருநூறு சொல்லுக்குள் இருக்கட்டும். அவர் யார், எங்கே எப்போது பேசினீர்கள், எத்தனை அமர்வு, பிரதியை அவர் பார்த்தாரா என்பவை அதில் வந்துவிட வேண்டும். தலைப்புக்காக அவர் போகிற போக்கில் சொன்ன காரமான ஒரு வரியை உருவி எடுக்காதீர்கள். அதை மட்டும் படித்துவிட்டு நூறு பேர் அவரைக் கேள்வி கேட்பார்கள், அடுத்த முறை அவர் யாருக்கும் வாய் திறக்க மாட்டார்.

வெளிவந்ததும் ஒரு பிரதி அவருக்குப் போகட்டும். மூல ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள், கோப்பின் பெயரிலேயே நாளும் ஆளும் தெரிய வேண்டும். அச்சில் வந்தது பேசியதில் கால்பங்குகூட இருக்காது. மீதி முக்கால்பங்கு பிற்காலத்தில் அவரைப் பற்றி ஆராய்கிறவர்களுக்குத் தேவைப்படும். எனவே பதிவை ஒரு நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ தரச் சம்மதமா, தந்தால் எத்தனை வருடம் கழித்துத் திறக்கலாம் என்று அவரிடம் எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தையும் பதிவோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.